கல்மரம் பார்க்கப் பாட்டி வருவாரா?

வாசகர் கேள்வி - பதில்

முன்பதிவுக் கவுன்ட்டரில் 32 வருடம் உட்கார்ந்து ரயில் டிக்கெட் கொடுத்தவள், ஓய்வு பெற்றதும் குடும்பத்தை வேனில் ஏற்றிக்கொண்டு சாலையில் சுற்றுகிறேன். பெரம்பூரில் என் பழைய சகாக்கள் இதைத் துரோகமாகவே பார்க்கிறார்கள். போன இதழில் எங்கள் வீட்டு இரண்டு நாள் பயணத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 84 வயது மாமியார், நானும் என் வீட்டுக்காரரும், மகள், மருமகன், பேத்தி, பேரன், நடுவில் கல்லாகிப்போன ஒரு மரம். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மாமனாருக்கு 82, கடைக்குட்டிக்கு 4. பொங்கல் கழித்து ஒரு சனி, ஞாயிறு வெளியே போகலாம் என்றால் பெரியவர்கள் கோயில் என்கிறார்கள், பிள்ளைகள் ‘போர்’ என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் பிடிக்கிற மாதிரி வழியில் விசித்திரமாக ஏதாவது உண்டா? (குரோம்பேட்டை)

உண்டு. அதுவும் நீங்கள் தினமும் கடக்கிற ஜிஎஸ்டி சாலையிலேயே. பிள்ளைகளிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லாதீர்கள், மூன்றாவது கண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். சிங்கப்பெருமாள்கோவிலில் இருப்பது குன்றைக் குடைந்த கோயில். உள்ளே இருக்கும் நரசிம்மருக்கு நெற்றியில் ஒரு கண். நாமம் மறைத்திருப்பதால் சாதாரணமாகத் தெரியாது. அர்ச்சகர் தீபத்தைக் காட்டி, நாமத்தை மெல்லத் தூக்கிக் காண்பிப்பார். என் பேரனுக்கு ஏழு வயது, அப்போதுதான் கண்ணாடி போட்டிருந்தான். வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “பாட்டி, அந்தக் கண்ணுக்கும் பவர் இருக்குமா?” பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் மாமியார்தான் “இருக்கும்டா, அதான் மூடி வச்சிருக்கா” என்றார். இங்கே சாமியை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றியாக வேண்டும். உங்கள் மாமனாரை அதற்கு மட்டும் இழுக்காதீர்கள்.

அடுத்து மதுராந்தகம். ஏரி காத்த ராமர் கதை உங்கள் மாமனாருக்குத் தெரிந்திருக்கும், அவரையே சொல்லவிடுங்கள். அவருக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது, அதை நான் தருகிறேன். கிழக்கிந்தியக் கும்பினி ஆண்ட காலத்தில் செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மழைக்காலத்தில் ஏரி உடைந்துவிடும் என்று கரைக்கு ஓடியவர், வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பதைக் கண்டாராம். கரை உடையவில்லை. நேர்ந்துகொண்டபடி தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது கோயில் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் சந்நிதியில் அந்தத் துரையின் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துப் படிக்கிற வேலையைப் பெரிய பிள்ளையிடம் விடுங்கள். எங்கள் பேத்திக்கு 13 வயது. வண்டலூர் தாண்டும் வரை போனிலிருந்து தலையை எடுக்காதவள், இங்கே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

இதே பிளேஸ் துரை இன்னோர் இடத்திலும் வருகிறார். பக்கத்திலிருக்கும் வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏரிமேல் ஊருக்கு உள்ள உரிமையை உறுதிசெய்து 1798-இல் அவர் உத்தரவு கொடுத்தார். பொங்கலை ஒட்டிப் போகிறீர்கள், மழை நன்றாகப் பெய்த வருடமென்றால் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். பார்க்கும் பாதை கரைமேலேயே இருப்பதால் மெதுவாக நடந்தால் முழங்கால் ஒத்துழைக்கும்.

அச்சிறுபாக்கத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவன் பிள்ளையாரைக் கும்பிடாமல் தேர் ஏறினார், பிள்ளையார் தேரின் அச்சை முறித்துவிட்டார். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். நெடுஞ்சாலையில் நடந்த முதல் பிரேக்டவுன் என்று நான் பேரனுக்குச் சொன்னேன். நேரமாகிறது, அடுத்த முறை பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தவிடவில்லை. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வேனில் ஏசி நின்றது. “தேங்காய் உடைக்காமல் வந்தால் இப்படித்தான்” என்று மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திண்டிவனம் வரை வேறு யாரும் பேசவில்லை. வேன் கொடுத்தவரைக் கேட்டால் “காலையில் நல்லாத்தானேம்மா இருந்தது” என்கிறார். இருந்தது, பிள்ளையாரைத் தாண்டும் வரை.

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரை. கல்மரப் பூங்கா அங்கேதான். காளி கோயிலும் அதே ஊரில் இருப்பதால் உங்கள் வீட்டு இரண்டு கட்சிக்கும் இங்கே கூட்டணி அமையும். பூங்காவில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், செம்மண்ணில் அங்கங்கே அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன, அவ்வளவுதான். ராட்டினம் கிடையாது, கேன்டீன் கிடையாது. என் மருமகன் முகத்தில் ‘இதற்கா வந்தோம்’ என்று எழுதியிருந்தது. மாமியார் மட்டும் ஒரு மரத்தண்டை போய்க் குனிந்தார், விரல் முட்டியால் தட்டினார். “கல்லு சத்தம்” என்றார். அப்புறம் உள்ளங்கையால் நீளவாட்டில் தடவிப் பார்த்து, “ஆனா இது புளிய மரம். நார் ஓடறது பாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விசாரித்ததில், இங்கே கிடக்கிறவற்றில் அவரை, துவரைக் குடும்பத்து மரங்களும் உண்டாம். புளி அந்தக் குடும்பம்தான். அம்மிக்கும் உலக்கைக்கும் கல்லும் மரமும் தேர்ந்தெடுத்த கை அது. நான் சிரித்திருக்கக் கூடாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். பழகிய கோயிலில் பெரியவர்கள் வாத்தியார், சின்னவர்கள் மாணவர்கள். கேளிக்கைப் பூங்காவில் பெரியவர்களுக்குப் பை காக்கிற உத்தியோகம். இப்படி அர்த்தம் புரியாத ஒரு பொருள் வழியில் கிடந்தால் எல்லாருமே அதன் முன்னால் ஒரே வகுப்பு. அதனால்தான் இந்த மாதிரி இடங்களை விடாமல் தேடுகிறேன்.

ஒரே எச்சரிக்கை. நாங்கள் முதல் நாளுக்கு ஆறு இடம் குறித்தோம், நாலைத்தான் பார்த்தோம், நாலாவதற்குள் பேரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நீங்கள் மதியத்துக்கு முன் இரண்டு, பின் ஒன்று என்று வையுங்கள். ராத்திரி புதுச்சேரியில் தங்கி, மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பலாம். வாடகை வேன் என்றால் புதுச்சேரிக்குள் நுழைய பெர்மிட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், எல்லைக்கு வந்த பிறகு கேட்காதீர்கள்.

திருவக்கரையில் கிடப்பது வக்கிராசுரனின் எலும்பு என்கிறார் என் தாத்தா. மரம் எப்படிக் கல்லாகும்? நான் பதினொன்றாம் வகுப்பு, அவரோடு சண்டை போட எனக்கு ஆதாரம் வேண்டும். (ஆவடி)

சண்டை வேண்டாம், ஆதாரம் தருகிறேன். ஊர்க்காரர்களும் தாத்தா சொல்கிற கதையைத்தான் சொல்கிறார்கள். துண்டுகளைப் பார்த்தால் எலும்பு என்று தோன்றுவதில் ஆச்சரியமும் இல்லை.

நடந்தது என்னவென்றால், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளம் மரங்களை அடித்துக்கொண்டு வந்து மணலிலும் களிமண்ணிலும் புதைத்தது. ஆழத்தில் காற்று இல்லை, அதனால் மக்கவில்லை. மண்ணில் ஊறி வந்த தண்ணீரில் சிலிக்கா கரைந்திருந்தது. அது மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து படிந்தது. மரப்பொருள் மெல்ல மெல்லப் போக, அது இருந்த இடத்தைக் கல் பிடித்தது. அச்சில் வார்த்த மாதிரி வளையம், நார் எல்லாம் அப்படியே நிற்கிறது. மரங்கள் இங்கேயே வளரவில்லை என்பதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? வேர், கிளை, இலை ஒன்றும் இல்லை, வெறும் அடிமரம் மட்டும். வெள்ளத்தில் உருண்டு வந்ததில் மற்றதெல்லாம் போய்விட்டது. சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-இல் இவற்றைப் பற்றி எழுதினார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

தாத்தாவை நேரில் கூட்டிப்போய் மர வளையத்தைக் காட்டு. எண்ணிப் பார்க்கச் சொல். அசுரனுக்கு எலும்பில் வளையம் உண்டா என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். சின்னத் துண்டைக்கூடப் பையில் போட்டுவிடாதே, எடுப்பது குற்றம்.

மாமியார் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சாப்பாடு கட்டினால் என் வேலை இரட்டிப்பு. அதைவிடப் பெரிய பிரச்சினை பாத்ரூம். இதற்குப் பயந்தே மூன்று வருடமாக எங்கும் போகவில்லை. (பெயர் வேண்டாம், பெரம்பூர்)

என் பேட்டைக்காரியா நீங்கள்! பாத்ரூமை முதலில் பேசுவோம். எல்லாரும் அதைக் கடைசியில் பேசித்தான் பயணம் கெடுகிறது.

பெரியவர்கள் வண்டி ஏறும் நாளில் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். சொல்ல மாட்டார்கள், சொம்பைத் தொடாமல் இருப்பார்கள். மதியம் தலை சுற்றும், ‘வயசாச்சு, இனிமே என்னைக் கூப்பிடாதே’ என்பார்கள். வயசு காரணமில்லை, தாகம் காரணம். என் மாமியார் விஷயத்தில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பயணம் பிடித்தது. இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாருக்காகவும் வண்டி நிற்கும். ‘பாட்டிக்காக நிறுத்துகிறோம்’ என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எங்கள் வீட்டில் அதற்கு அபராதம் பத்து ரூபாய். என் வீட்டுக்காரர் இதுவரை நாற்பது ரூபாய் கட்டியிருக்கிறார்.

குத்துக்காலிட்டு உட்கார முடியாதவர் என்றால் மடக்கு கமோடு நாற்காலி ஒன்று மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. வேன் பின்னால் நிற்க வைக்கலாம், எந்தக் கழிவறையிலும் போட்டுக்கொள்ளலாம். பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், பயண நாளில் எந்த நேரத்துக்குப் போடலாம் என்று அவருடைய டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூடவே குளியலறை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. வேனின் படி உயரம். அந்த முதல் படியில்தான் பெரியவர்களுக்குப் பயணமே வெறுத்துப்போகும். ஸ்டூலைக் கீழே போட்டால் பாதி உயரம் குறைந்தது.

சாப்பாடு. இரட்டிப்பு வேலையை ஏன் நீங்கள் ஒருத்தியே செய்கிறீர்கள்? புளிக்காய்ச்சலை மாமியாரிடம் விடுங்கள், இரண்டு நாள் முன்பே செய்து வைத்துவிடலாம். காலையில் சாதம் வடித்து நல்லெண்ணெய் விட்டுக் கலந்தால் முடிந்தது. இட்லியைச் சூடாக இருக்கும்போதே மிளகாய்ப்பொடி, எண்ணெய் தடவி வாழையிலையில் கட்டுங்கள். தயிர் சாதத்துக்குச் சாதத்தைக் குழைய மசித்துப் பாலை ஊற்றி ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள், பன்னிரண்டு மணிக்குப் பக்குவமாக உறைந்திருக்கும். முழுக்கத் தயிர் விட்டால் செங்கல்பட்டு தாண்டும்போதே புளித்துவிடும். இதெல்லாம் முதல் நாள் மதியம் வரைதான். சாயங்காலம் உங்கள் மாமியார் முன்னால் பில்டர் காபியை வையுங்கள், டம்ளர் எவர்சில்வர்தானா என்று பார்த்துவிட்டு வையுங்கள். என் மாமியாரும் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்தான். கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் பேரன் தின்ற மாங்காய் பத்தையில் பாதியை அவர் வாங்கித் தின்றதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கார் ஏறினாலே பெண்ணுக்கு வாந்தி. வயது 6. (முகப்பேர்)

கண் ஒன்று சொல்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது. குனிந்து படம் பார்த்தால் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் இருக்கிறது, காதுக்கு வண்டி ஆடுவது தெரிகிறது. மூளை குழம்பி வயிற்றின் மேல் கோபத்தைக் காட்டுகிறது. போனை வாங்கி வைத்துவிடுங்கள். முன்பக்க ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது, இரண்டு இட்லி போதும். உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கச் சொல்வார் என் மாமியார். பேரன் அதை முழுங்கிவிட்டு இன்னொன்று கேட்பான், அவனுக்கு வாந்தியே வராது.

வேனில் ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. பெரியவர்களும் சேர்த்துத்தான். (மடிப்பாக்கம்)

இதற்குத்தானே சம்பளம் வாங்கினேன்! சார்ட் போடுங்கள். நான் முதல் நாள் ராத்திரியே எழுதி வேன் கதவில் ஒட்டிவிடுவேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடம் மாறும், ஏறி இறங்கச் சுலபமான கதவோரச் சீட்டு மட்டும் மூத்தவருக்கு நிரந்தரம். கவுன்ட்டரில் இருந்த காலத்தில் எல்லார் வீட்டிலும் கீழ் பெர்த் கேட்டுத்தான் சண்டை, கடைசியில் கீழ் பெர்த்தில் படுத்திருப்பது வாலிபப் பையனாக இருக்கும். அதனால் நான் கறார். மருமகனுக்கு முதல் நாள் ஆர்ஏசிதான் கிடைத்தது, டிக்கியில் இருந்த பைகளோடு.

நீங்கள் எழுதினீர்களே என்று ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். இடிந்த சுவரைத் தவிர ஒன்றுமில்லை. வெயிலில் என் அப்பா சுருண்டுவிட்டார். இப்படியா வழிகாட்டுவது? (கே.கே. நகர்)

வெயிலைப் பற்றிய பாதி என் தவறு. அங்கே நிழல் இல்லை, கடை இல்லை, காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்குப் பிறகு போக வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். அப்பாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

இடிந்த சுவர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் இந்தக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. பத்தே வருடத்தில், 1760-இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். காசு அச்சடிக்கிற சாலை இருந்த இடம், ஆலம்பரை வராகன் என்று பெயர் வாங்கியது. இன்று சுவர்மேல் நின்றால் உப்பங்கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். கீழே படகுகள். என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் பேசாமல் நின்றார். அவர் அரை மணி நேரம் பேசாமல் நின்ற இன்னோர் இடம் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை லீவு கிடைக்கிறது. முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா? (அண்ணா நகர்)

திங்களன்று முதலைப் பண்ணைக்கு விடுமுறை, செவ்வாயன்று தென்னிந்திய வீடுகளையும் கைவினையையும் காட்டும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு. வேறு நாள் பாருங்கள்.

முதலைப் பண்ணை 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. பிள்ளைகள் முதலைக்கு முன்னால் நிற்பார்கள், ஆனால் பெரியவர்களை அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அழைத்துப் போங்கள். 1978-இல் ஆரம்பித்தது. பாம்பைப் பிடித்து வந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாம்புக்கடிச் சாவு கதை இல்லை, பக்கத்து வீட்டுச் செய்தி. என் மாமியாரின் தம்பி அப்படித்தான் போனார். ஜாடிக்குள் கிடந்த கண்ணாடிவிரியனை அவர் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது என்று சொன்னேன். “முன்னாடியே கொடுத்திருக்கணும்” என்றார்.

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 79. ‘விசித்திரம்’ என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது, மலிவாக இருக்கிறதாம். அவரை எங்கே கூட்டிப்போவது? (சிட்லபாக்கம்)

மண்டகப்பட்டு என்று சொல்லுங்கள், அந்தச் சொல்லை அவரே சொல்லுவார். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் வயல்களுக்கு நடுவே ஒரு பாறை. அதைக் குடைந்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இந்தக் கோயிலைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமைப்பட்டிருக்கிறான். அதில் அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிற பெயர் விசித்திரசித்தன். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய சொல்லை மலிவு என்று அப்பா எப்படிச் சொல்கிறார் பார்ப்போம். உள்ளே இப்போது சாமி இல்லை. வாசலில் இரண்டு காவலர்கள் மட்டும் நிற்கிறார்கள், யாரைக் காக்கிறோம் என்று தெரியாமல்.

அவருக்கு இன்னும் நெருக்கமான இடம் திருக்கோவலூர். தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்று. பாரி போனபின் அவன் பெண்களைக் கரைசேர்த்துவிட்டு, நண்பனைப் பிரிந்திருக்க முடியாமல் கபிலர் வடக்கிருந்தார், அதாவது வடக்குப் பார்த்து உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டார் என்று பாடம் நடத்தியிருப்பார். அங்குள்ள வீரட்டானக் கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டோ கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. எது சரி என்ற கேள்வியைக் காரில் ஏறியதும் போடுங்கள், சென்னை வரும்வரை உங்களுக்கு ரேடியோ தேவைப்படாது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் கரையிலிருந்தே பாருங்கள், இறங்க வேண்டாம்.

செஞ்சியும் அதே பக்கம்தான். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருக்கும் ஒன்று இது. ராஜகிரி உச்சிக்கு ஏற வேண்டுமென்று அவர் அடம்பிடித்தால் கல்யாண மகால் நிழலில் உட்கார வைத்து, பேரப்பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, அவர்கள் எங்கே தெரிகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடுங்கள். மேலே போனவர்கள் துண்டை ஆட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் துண்டு. மாமியார் கண்டுபிடிக்கப் பதினேழு நிமிடம் ஆனது, அதுவரை காபி கேட்கவில்லை.

பாட்டி, மாமல்லபுரத்தில் கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டை ஏன் உருளாமல் நிற்கிறது? ஒரு நாள் உருண்டுவிட்டால்? (ஆறாம் வகுப்பு மாணவன், வேளச்சேரி)

கண்ணா, அது உருண்டை இல்லை. முன்னாலிருந்து பார்த்தால்தான் உருண்டை. பின்னால் போய்ப் பார், ஒரு பக்கம் வெட்டின லட்டு மாதிரி இருக்கும். அதன் எடை சுமார் 250 டன், உயரம் 6 மீட்டர் போல. அவ்வளவு எடையும் ஒரு புள்ளி வழியாகக் கீழே இறங்குகிறது என்று நினைத்துக்கொள். அந்தப் புள்ளி, கல் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்துக்கு நேர் மேலேயே இருக்கிற வரை கல் கவிழாது. சறுக்காமல் இருப்பதற்குக் காரணம் உராய்வு. கீழே இருக்கும் பாறை நீ சறுக்குகிற அளவு வழவழப்பு, நிஜம்தான். பல வருடமாக உன்னைப் போன்றவர்கள் சறுக்கித் தேய்த்தது. கல்லுக்கு அடியில் யாரும் சறுக்கவில்லையே!

1908-இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானை கட்டி இழுக்கச் சொன்னார், கல் அசையவில்லை என்று அங்கே கைடுகள் சொல்வார்கள். யானைகள் என்ன சொல்லின என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நாங்கள் போனபோது எல்லாரும் கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நிஜமாகவே தள்ளினார். பேரன் இன்னொரு பக்கம். பேத்தி போட்டோ எடுக்க வேண்டியவள், போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். நகரவில்லை. நீயும் தள்ளிப் பார், வீட்டில் எல்லாரையும் கூட்டிப் போ. கொஞ்சமாவது அசைந்தால் எத்தனை பேர் தள்ளினீர்கள் என்று எனக்கு எழுது.